இறக்கத்துக்காக மிச்சம்பிடித்த காலைப்பொழுது: கொழும்பிலிருந்து நோட்டன், மஸ்கெலியா வழியாக ஒரு மோட்டார் சைக்கிள் பயணம்

இலங்கையின் அதிவேக வீதிகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆகவே கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குப் பைக்கில் புறப்படுகிறவருக்குப் பழைய வீதிகளே கதி. அதை நான் ஒருபோதும் குறையாக எண்ணியதில்லை. வெள்ளவத்தையிலிருந்து நானும் என் மனைவியின் தம்பியும் ஆளுக்கொரு பைக்கில் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என ஏறி, அங்கிருந்து நோட்டன் பிரிட்ஜ் வழியாக மஸ்கெலியாவை அடைந்து, நோர்வூட், ஹட்டன் ஊடாக மீண்டும் கினிகத்தேனைக்கு இறங்கி வீடு திரும்பிய ஒரு மார்ச் மாத நாளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். போய்வர 250 கிலோமீற்றருக்கு மேல் ஆகும் இந்தச் சுற்றை ஒரே நாளில் முடிப்பது கடினமான காரியமன்று. ஆனால் இதில் எந்தப் பகுதி கடினமானது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே சரியாகக் கணித்துவிட வேண்டும். பெரும்பாலானோர் ஏற்றத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள்; உண்மையில் நாளின் முழுப் பாரமும் பிற்பகலில், உடல் களைத்த பின்னர், மழையோடு வரும் இறக்கத்தில்தான் இருக்கிறது. காலை முழுவதும் நாம் செய்கிற ஒவ்வொன்றும் அந்த இறக்கத்துக்கான மிச்சம்பிடிப்பாக இருந்தால் பயணம் நல்லபடி முடியும்.

இந்தக் கணக்கைக் கிலோமீற்றரில் போட முடியாது, மணியில்தான் போட வேண்டும். கொழும்பிலிருந்து ஹட்டன் ஏறக்குறைய 125 கிலோமீற்றர்தான் என்று பார்க்கும்போது மூன்று மணி நேரப் பயணம் போலத் தோன்றும். ஆனால் கித்துல்கலவுக்கு மேலே வளைவுகள் தொடங்கிய பின்னர் மணிக்கு 30 கிலோமீற்றர் என்ற சராசரி வேகத்தைக் காப்பதே பெரிய விடயம், நோட்டன் வீதியில் அது 20க்கும் கீழே போய்விடும். எனவே நாங்கள் நாளைப் பின்புறமிருந்து வகுத்துக்கொண்டோம். மாலை ஆறரை மணிக்கு இருட்டும். இருட்டுவதற்கு முன் அவிசாவளையைத் தாண்டிச் சமதரைக்கு வந்துவிட வேண்டும். வழியில் மழைக்கு ஒதுங்கி நிற்க ஒன்றரை மணி நேரத்தையாவது ஒதுக்க வேண்டும். அப்படியானால் ஹட்டனை விட்டு ஒரு மணிக்குள் கிளம்ப வேண்டும். அதற்குக் கொழும்பிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு முன் புறப்பட வேண்டும். புறப்படும் நேரம் நம்முடைய உற்சாகத்தைப் பொறுத்ததன்று, திரும்பும் நேரத்திலிருந்து கழித்துப் பெறுவது.

மாதத்தைத் தெரிவு செய்வதும் இதே கணக்கைச் சேர்ந்தது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை இந்த மேற்குச் சரிவில்தான் முட்டி மோதுகிறது. கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள வட்டவளை இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வருவது வேறு வகை மழை: காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும், வெயில் ஏற ஏறத் தரை சூடாகி மேகம் திரண்டு, பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்க்கும். இதில் ஒரு வசதி உண்டு. மழை எப்போது வரும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். மார்ச் மாதத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. டிசெம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம் என்பதால், வார இறுதிகளிலும் போயா விடுமுறைகளிலும் மஸ்கெலியா வீதி யாத்திரிகர்களின் வேன்களாலும் பஸ்களாலும் நிறைந்திருக்கும். இரவு முழுவதும் மலையேறிவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வாகனம் ஓட்டி வருகிறவர்கள் எதிரே வரும் வீதியில் பைக் ஓட்டுவதை நான் விரும்புவதில்லை. எனவே அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு வாரநாளில் போனோம்.

வானிலை அறிக்கையைக் காட்டிலும் எனக்கு அதிகம் பயன்படும் செய்திகள் இரண்டு. முதலாவது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு முன்னெச்சரிக்கை. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற மூன்று படிகளில் அது பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக வெளிவரும். அம்பகமுவ, யட்டியந்தோட்டை ஆகிய பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். இரண்டாவது, நீர்த்தேக்கங்களின் வான்கதவுச் செய்தி. நோட்டன் விமலசுரேந்திர, கென்யோன், லக்ஷபான நீர்த்தேக்கங்களில் ஏதாவது ஒன்றின் வான்கதவு திறந்துவிட்டதாகச் செய்தி வந்தால், முந்தைய நாட்களில் அந்த மலைகள் எவ்வளவு தண்ணீரைக் குடித்திருக்கின்றன என்பது விளங்கிவிடும். வானம் வெளித்திருந்தாலும் அத்தகைய வாரத்தில் சரிவுகள் இளகியிருக்கும். அந்த வாரம் இரண்டு செய்திகளும் இல்லை.

வண்டிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. என்னுடையது 150 சிசி, அவனுடையது 125 சிசி. இந்த வீதிகளுக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். முந்தைய நாள் மாலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்தோம். சங்கிலியின் தளர்வைப் பார்த்து எண்ணெயிட்டோம், பிரேக் பட்டைகளின் தடிப்பையும் பின்விளக்கையும் பார்த்தோம். சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் இட்டோம். மழைக்கோட்டு மேல்சட்டை, காற்சட்டை என்று இரண்டு துண்டாக இருப்பது முக்கியம்; முழங்கால் வரை தொங்கும் ஒற்றை அங்கி காற்றில் பறந்து சங்கிலியில் சிக்கக்கூடியது. காலுக்குச் சப்பாத்துத்தான். கொழும்புக்குள் செருப்போடு ஓட்டிப் பழகியவர்கள் மலைக்கும் அப்படியே வருவதைக் காண்கிறேன். கியர் மாற்றும் விரல் குளிரில் விறைத்த பின்னர்தான் அதன் கஷ்டம் தெரியவரும்.

கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு இரண்டு வழிகள் உண்டு. நுகேகொடை, மகரகமை, ஹோமாகமை என்று போகும் ஹைலெவல் வீதி ஒன்று. களனி கங்கையின் தென்கரையை ஒட்டி அம்பத்தலை, கடுவலை, ஹங்வெல்லை என்று போகும் லோலெவல் வீதி மற்றையது. விடியற்காலையில் நாங்கள் ஹைலெவல் வீதியைத் தெரிவு செய்தோம், வெளிச்சம் நன்றாக இருக்கும் என்பதே காரணம். அவிசாவளையில் பெற்றோல் நிரப்பிக்கொண்டு ஹட்டன் வீதியில் திரும்பியபோது நேரம் ஆறேகால். யட்டியந்தோட்டை வரை வீதி றப்பர் தோட்டங்களுக்கு நடுவே தாராளமாகப் போகிறது. ஒரு காலத்தில் களனிவெளிக் குறுகிய பாதை ரயிலின் கிளையொன்று யட்டியந்தோட்டை வரை ஓடியது. இன்று அந்த இருப்புப்பாதை இல்லை. கித்துல்கலவில் ஆறு வலப்பக்கம் வந்து சேர்ந்துகொள்கிறது. அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பில் நாம் குடிக்கிற அதே தண்ணீர், கற்களில் மோதி நுரைத்துப் போகிறது. இதற்குச் சற்று மேலேதான் மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கை என்று பெயர் பெறுகின்றன. நாங்கள் போய்ச் சுற்றவிருந்தது இந்த இரண்டு ஓயாக்களும் பிறக்கும் மலைகளைத்தான்.

கித்துல்கலவில் தேநீர் குடித்துவிட்டு ஏறத் தொடங்கியதும் நான் முன்னால் போகவில்லை, தம்பியை முன்னே விட்டேன். இருவர் சேர்ந்து போகும்போது வேகம் குறைந்தவர் முன்னால் போவதே முறை. பின்னால் விடப்பட்டவர் எட்டிப்பிடிக்கும் அவசரத்தில் தன் திறமைக்கு மீறி வளைவுகளில் நுழைவார். அவனுக்கு மலைப்பாதை புதிது. எனவே ஏறுவதற்கு முன் ஒரு விடயத்தை மட்டும் விளக்கினேன், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வது பயன்படும்.

நாம் வீதியின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். இடப்புறம் திரும்பும் வளைவில் மலைச்சுவரோ பற்றையோ நம் பார்வையை மறைத்துவிடும். வேகம் சற்றுக் கூடினாலும் வண்டி வெளிப்புறமாக, அதாவது எதிர்த்திசை வாகனம் வரும் பக்கமாக ஒதுங்கும். வலப்புறம் திரும்பும் வளைவில் ஆபத்து வேறு விதமானது. டயர் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே இருந்தாலும், வண்டி வலப்புறம் சாயும்போது நம் தலையும் தோளும் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்துக்குள் நீண்டிருக்கும், அங்கே ஒரு பஸ் வந்தால் டயர் எங்கே இருந்தது என்பது பொருட்டில்லை. ஆகவே இடவளைவில் உட்புறத்தைச் சீக்கிரமாக வெட்டிவிடாமல், வளைவின் முடிவு கண்ணுக்குத் தெரியும் வரை பொறுத்திருந்து, பிறகு அக்சிலரேட்டரை முறுக்க வேண்டும். வலவளைவில் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீற்றராவது விலகி நிற்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீற்றரில் ஒரு விநாடிக்கு 11 மீற்றர் கடக்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற வெறும் வீதியின் நீளத்துக்குள் நின்றுவிடக்கூடிய வேகமே அந்த வளைவுக்கு உரிய வேகம். எச்சரிக்கைப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் இந்த அளவுகோல் பிழைப்பதில்லை. பார்வையைப் பற்றிய விதியும் இதோடு சேர்ந்ததுதான்: நாம் எங்கே பார்க்கிறோமோ அங்கேயே பைக் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளம், வளைவின் வெளிவாயிலைப் பார்த்தால் வெளிவாயில்.

கினிகத்தேனையில் ஹட்டன் வீதியை விட்டு நோட்டன் பக்கம் திரும்பினோம். இந்தச் சுற்றை எந்தத் திசையில் போவது என்பது தற்செயலான தெரிவன்று. ஒடுக்கமான, கரடான நோட்டன் வீதியைக் காலையில் ஏறுவதற்கும், அகலமான ஹட்டன் வீதியைப் பிற்பகலில் இறங்குவதற்கும் வைத்துக்கொண்டோம். ஏறும்போது வண்டியின் பாரமே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. மோசமான தரையை அந்த வேகத்தில் சமாளிக்கலாம். இதையே தலைகீழாகச் சுற்றியிருந்தால், களைப்போடும் மழையோடும் வந்து ஒடுக்கமான வீதியில் இறங்க வேண்டியிருக்கும்.

நோட்டன் வீதியில் பைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது ஓரத்தில் ஓடும் கானை, அதாவது வடிகாலைப் பற்றியது. வீதி முடிகிற இடத்திலேயே, மண் ஓரம் என்று எதுவும் இல்லாமல், இடுப்பளவு ஆழமான கொங்கிறீற் கான் திறந்தபடி கிடக்கிறது. சில இடங்களில் பன்னமும் புல்லும் அதன் விளிம்பை மூடி, தரை இன்னும் ஓரடி இருக்கிறது என்று நம்ப வைக்கும். எதிரே லொறி வரும்போது கொழும்பில் செய்வதுபோல் இடப்பக்கமாக ஒதுங்கினால் முன்சில்லு அதற்குள் இறங்கிவிடும். அதனால் லொறி தொலைவில் தெரிந்தவுடனேயே அகலமான ஓர் இடம் பார்த்து நின்றுகொள்வதும், அது கடந்த பிறகு கிளம்புவதுமே இங்கு வழக்கம். மலைப்பாதைகளில் ஏறி வரும் வாகனத்துக்கு இறங்கும் வாகனம் வழிவிடுவது மரபென்றாலும், கொழுந்து ஏற்றிய லொறிக்கு முன்னால் நான் மரபைப் பற்றிப் பேசுவதில்லை.

மற்றையது பாசி. மலையின் நிழல் விழுகிற, காலை பத்து மணி வரை வெயில் தொடாத வளைவுகளில் தார் கறுப்பாக இல்லாமல் கரும்பச்சையாகத் தெரியும். வாகனங்களின் சில்லுகள் ஓடித் தேய்த்த இரண்டு தடங்கள் மட்டும் வெளுத்திருக்க, அவற்றுக்கு நடுவிலும் ஓரத்திலும் பாசி படர்ந்திருக்கும். மேலிருந்து கசியும் நீர் அதன்மேல் ஓடினால் ஊறிய சவர்க்காரத்தில் கால் வைத்தது போலத்தான். அந்த வெளுத்த தடத்தின் மேலேயே, சாயாமல், பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும். ஒரு பீலிக்குப் பக்கத்தில் அப்படி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தபோது, குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். “தம்பி, பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்ணு சரிஞ்சு கெடக்கு. பஸ்ஸு போகுது, ஆனா சேறு. மெதுவா போங்க” என்றார். அவர் சொன்னபடியே பாலத்துக்கு அப்பால் களிமண் வீதியின் பாதியை மூடியிருந்தது. பஸ்ஸின் சில்லுத் தடத்தில் முதலாம் கியரில், இரண்டு கால்களையும் தரைக்கு அண்மையில் வைத்தபடி கடந்தோம். எந்தச் செயலியும் தராத தகவல் இது. எதிரே வரும் ஓட்டோக்காரர்களிடமும் பீலியடியில் நிற்பவர்களிடமும் “மேலே வீதி எப்படி?” என்று கேட்டுக்கொண்டே போவதை நான் ஒரு வேலையாகவே வைத்திருக்கிறேன்.

நோட்டன் நகரில் ஒரு விமானச் சில்லு நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது. 1974 டிசெம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டினெயர் விமானம் கட்டுநாயக்காவை நெருங்கிக்கொண்டிருந்தபோது ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் உயிரிழந்தார்கள். தம்பி இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அந்த மலைத்தொடரில் காலையிலேயே முகில் இறங்கியிருந்தது. நோட்டன் அணைக்கட்டு, நீர்மின்சாரத்துக்காக இறுதிவரை வாதாடிய பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1918இலேயே இந்த ஓயாக்களிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று அவர் எழுதினார். லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல்.

நோட்டனிலிருந்து மஸ்கெலியா வரை தேயிலைதான். இங்கே வீதி பயணிகளுக்காக மட்டும் போடப்பட்டதன்று என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்கள் வீதியின் ஓரத்தில் திறக்கின்றன. பிள்ளைகள் அதில் விளையாடுகிறார்கள், கோழி மேய்கிறது, கொழுந்துப் பையோடு பெண்கள் நிறுவைக்கு நடந்து போகிறார்கள். முதுகுச் சுமையோடு நடப்பவரால் திடீரென்று திரும்பிப் பார்க்க முடியாது. பின்னாலிருந்து பலமாக ஹோன் அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் தடுமாறுவார். தொலைவிலேயே ஒருமுறை மெல்ல அடித்துவிட்டு, அவர் ஒதுங்கும் வரை நடைவேகத்தில் பின்னால் போவதே சரி. குருட்டு வளைவில் மட்டும் தயக்கமின்றி அடிக்கலாம். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் குறைந்திருந்தது. பழைய மஸ்கெலியா நகரம் அதன் அடியில்தான் இருக்கிறது. வறட்சியில் நீர் நன்றாக வற்றினால் பழைய கோயிலின் கற்கள் வெளியே தெரியும்.

ஹட்டனை அடைந்தபோது பன்னிரண்டு மணிக்குச் சற்று முன். இங்கே கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறோம். காற்று ஐதாக இருப்பதால் எஞ்சினின் வலு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும், அது பழுதன்று. மதியச் சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தட்டு நிறையச் சோறும் கறியும் சாப்பிட்டுவிட்டு இறக்கத்தில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு மணிக்குக் கண் சொருகும். இரண்டு ரொட்டியும் சம்பலும் பிளேன்ரீயும் போதும், மிச்சத்தை வீட்டில் சாப்பிடலாம். தம்பிக்கு இது பிடிக்கவில்லை. “அத்தான், இவ்வளவு தூரம் வந்து ரொட்டியோ?” என்று கேட்டான். தண்ணீர் மட்டும் தாகம் இல்லாவிட்டாலும் குடிக்கச் சொன்னேன். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் உடல் வற்றி, கவனம் மங்கும். ஒரு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது கிளம்பினோம். நகரத்தை இன்னும் கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாமே என்ற ஆசை எழுகிற நேரம் இதுதான். வானத்தின் தெற்கு மூலை ஏற்கெனவே கறுத்திருந்தது.

மழை பெய்வதற்கு முன்பே மழைக்கோட்டை அணிந்துகொண்டோம். நனைந்த பிறகு அணிவதில் பயனில்லை என்பதோடு, ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 6 பாகை குறையும் வெப்பநிலையில், காற்றும் ஈரமும் சேர்ந்தால் விரல்கள் கிளட்சை உணராமல் போகும். சட்டைக்கும் மேலங்கிக்கும் இடையே ஒரு பழைய செய்தித்தாளை மடித்து நெஞ்சில் வைத்துக்கொள்வது எங்கள் குடும்பத்துப் பழைய வழக்கம். கேலி செய்தாலும் அவனும் வைத்துக்கொண்டான்.

இனி இறக்கம். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்தில், இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடும் பழக்கம் பலருக்கு ஒட்டிக்கொண்டது. பங்கீடு போன பிறகும் பழக்கம் போகவில்லை. சமதரையில் அது வெறும் சிக்கனமாக இருக்கலாம், மலையில் அது வண்டியின் மிகச் சிறந்த பிரேக்கைக் கழற்றி எறிவதற்குச் சமம். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில், அல்லது அதற்கும் ஒன்று குறைவான கியரில் இறங்க வேண்டும். முறுக்கை விட்டதும் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன் மட்டும், வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, முன்னும் பின்னும் சேர்த்து அழுத்தி, சாயத் தொடங்கும்போது விட்டுவிடலாம். இறக்கத்தில் பாரம் முன்சில்லுக்கு மாறுவதால் நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி முன்பிரேக்குக்கு உரியது. அதைத் தொட அஞ்சிப் பின்பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு என்ன நேரும் என்பதை அன்று நேரிலேயே பார்த்தோம்.

வட்டவளையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் தம்பி கையை உயர்த்தி ஓரமாக நிறுத்தினான். “அத்தான், பின்பிரேக் பிடிக்குதில்லைப்போல கிடக்கு” என்றான். சில்லருகே குனிந்தபோதே கருகிய வாடை அடித்தது. மையத்தில் விழுந்த மழைத்துளி ஆவியாகப் போனது. அவனுடைய வண்டிக்குப் பின்னால் டிரம் பிரேக். விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் உள்ளிருக்கும் பட்டை சூடேறி உராய்வை இழக்கும்; டிரம்மும் சூட்டில் விரிவதால் மிதி இன்னும் ஆழமாகப் போகும். இதற்குப் பரிகாரம் நேரம்தான். தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான வார்ப்பிரும்பு திடீரெனக் குளிர்ந்தால் வெடிக்கக்கூடும். ஒரு கடையின் தகரத் தாழ்வாரத்தில் நின்று, தொட்டுப் பார்க்கக்கூடிய அளவுக்கு ஆறும் வரை காத்திருந்தோம். பிறகு நடைவேகத்தில் நாலைந்து தடவை சோதித்தோம். பிடித்தது. அதன்பின் கினிகத்தேனை வரை நான் முன்னால் போனேன். என் பின்விளக்கு எரியும் இடத்தில் மட்டும் அவனும் பிரேக்கைத் தொட வேண்டும், மற்ற வேளைகளில் இரண்டாம் கியரில் விட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வேகம் குறைந்தவர் முன்னால் போக வேண்டும் என்ற விதியை இங்கே மாற்றியதற்குக் காரணம், அப்போது அவனுக்குத் தேவைப்பட்டது சுதந்திரமன்று, ஒரு மாதிரி.

கினிகத்தேனையில் மழை பிடித்துக்கொண்டது. முதல் பத்து நிமிட மழைதான் மிகவும் வழுக்குவது. பல நாட்களாகத் தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் கரைந்து மேலே மிதக்கும், அவை கழுவிப் போகும் வரை வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது. தேநீர்க்கடைக்காரர் எங்கள் அவசரத்தைப் பார்த்துவிட்டு, “அரை மணி நேரத்துல கொறஞ்சிரும், சார். ஒக்காருங்க. இப்ப எறங்குனா முகில்ல ஒண்ணும் தெரியாது” என்றார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. காலையிலேயே ஒதுக்கிவைத்த நேரத்திலிருந்து எடுத்துச் செலவழித்ததால் எங்களுக்குப் பதற்றம் இருக்கவில்லை. பதற்றத்தோடு மழையில் இறங்குகிறவர்கள் எல்லோரும் கெட்டிக்காரத்தனம் குறைந்தவர்கள் அல்லர். நேரத்தை மிச்சம் வைக்காதவர்கள், அவ்வளவுதான்.

மழை தணிந்து முகில் மட்டும் மிஞ்சியபோது இறங்கினோம். தலைக்கவசத்தின் கண்ணாடி உட்புறம் வேர்த்தால் ஒரு விரற்கடை திறந்துவைக்க வேண்டும். விளக்கைத் தாழ்த்தியே எரிய விட வேண்டும், உயர்த்தினால் முகில் வெளிச்சத்தை நம் முகத்திலேயே திருப்பியடிக்கும். வெள்ளைக் கோட்டின் மேலும் இரும்பு மூடிகளின் மேலும் சாயக் கூடாது. செம்மண் கலங்கிய நீர் குறுக்கே ஓடுகிற இடத்தில், மேலே ஏதோ அரித்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அங்கே நின்று படம் எடுக்கக் கூடாது.

ஹட்டன்–கொழும்பு தனியார் பஸ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றின் சாரதிகளுக்கு வீதி மனப்பாடம், நேரஅட்டவணை கழுத்தில். பின்னால் ஒரு பஸ் நெருங்கி வந்தால் அதோடு போட்டியிட்டு வேகத்தைக் கூட்டுவதும், வளைவில் ஓரத்துக்குச் சட்டென ஒதுங்குவதும் ஒரே அளவு ஆபத்தானவை. அடுத்த நேரான துண்டில் இடப்பக்கச் சமிக்ஞையைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, கையால் வழிகாட்டிவிட்டால் அது போய்விடும். எதிரே ஏறி வரும் பஸ் கொண்டை ஊசி வளைவில் முழு வீதியையும் எடுத்துக்கொள்ளும், அதற்கு வேறு வழியும் இல்லை. எஞ்சின் உறுமும் ஒலி கேட்டவுடனேயே வளைவுக்கு மேலே நின்று காத்திருந்தால், அது திரும்பி முடித்த பிறகு வீதி நம்முடையது.

கித்துல்கலவில் மழையே இல்லை. தரை காய்ந்து, வீதி நேராகி, கைகள் தளர்ந்தபோது மணி நான்கு. இந்த இடத்தில்தான் நான் கட்டாயமாக ஒருமுறை நிறுத்துவேன். மலை முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில் மனம் அவிழ்ந்து, யட்டியந்தோட்டைக்குப் பிந்திய நேரான துண்டுகளில் வேகம் தானாக ஏறும். ஆனால் உடல் அப்போது பதினொரு மணி நேரத்துக்கும் மேலாக இருக்கையில் இருக்கிறது. கையுறையைக் கழற்றி, தோள்களைச் சுழற்றி, பதினைந்து நிமிடம் நடந்தோம். கித்துள் கருப்பட்டி விற்ற ஒரு பெண்ணிடம் வீட்டுக்கு இரண்டு துண்டு வாங்கினோம்.

அவிசாவளையிலிருந்து லோலெவல் வீதியில் திரும்பினோம். மாலையில் ஹைலெவலில் ஹோமாகமை தொடக்கம் மகரகமை வரை அலுவலக வாகனங்கள் எதிர்த்திசையில் வந்தாலும், சந்திகளில் குறுக்கே வெட்டும் ஓட்டோக்கள் களைத்த கண்ணுக்கு அதிகப்படி. லோலெவலில் கடுவலைச் சந்தியில் மட்டும் நெரிசலைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

மறுநாள் காலையில் இரண்டு வண்டிகளையும் கழுவினோம். மலைச்செம்மண் காய்ந்தால் சங்கிலியின் உருளைகளுக்குள் அரத்தூள் போல வேலை செய்யும். மண்ணெண்ணெய் தோய்த்த தூரிகையால் தேய்த்துத் துடைத்து, புதிதாக எண்ணெயிட்டோம். முன்பிரேக்கின் பிடிக்குள் ஒட்டிய களியை வாளித் தண்ணீரால் கரைத்து எடுத்தோம். தம்பியின் பின்சில்லைத் தெஹிவளையில் வழக்கமாகக் கொடுக்கும் கராஜில் கழற்றியபோது, பட்டைகளின் முகம் கண்ணாடி போலப் பளபளத்தது. உப்புத்தாளால் தேய்த்துப் போடலாம் என்றார் மெக்கானிக். சூட்டில் ஒருமுறை இறுகிய பட்டையை நம்ப வேண்டாம் என்று சொல்லி, புதிய சோடியொன்றைப் போடச் சொன்னேன். அதோடு மிதியின் தளர்வையும் ஒரு விரற்கடைக்குச் சரிசெய்து, பழைய பட்டைகளைப் பார்க்கட்டும் என்று தம்பியின் கையிலேயே கொடுத்துவிட்டோம்.